வால்நட் கலர்

பெயின்ட் கடையில் ஆண்ட்ரூஸ் மறுபடியும் வால்நட் கலர் வார்னிஷ் டப்பாவை எடுத்தபோது, இன்னாசிமேரி அதை அவர் கையிலிருந்து பிடுங்கி, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

தேக்குப் பலகைக்கு யாராவது கருஞ்சாயம் அடிப்பார்களா? பட்டுச் சேலை கட்டி, மேலே ரெயின்கோட் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போவது மாதிரி இருந்தது மனுஷனின் ரசனை.

ரசனையைப் பற்றி அவளிடம் யாரும் பேச முடியாது. சேலத்தில் மாதா கோயில் கல்யாணம் என்றால் மணப்பெண்ணின் கவுன் அவள் தையல்கடையிலிருந்துதான் போகும். பால் வெள்ளை வேறு, முத்து வெள்ளை வேறு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அவளுக்கு வாய்த்தவரோ, பழுப்புச் சட்டைக்கு நீலப் பேண்ட் போட்டுக்கொண்டு இரும்பாலையில் காலம் தள்ளி ரிட்டயர்டு ஆனவர்.

வார்னிஷ் எதற்கு? படகுக்கு.

போர்வெல்லில் வெறும் காற்று வருகிற அயோத்தியாப்பட்டணத்தில், வீட்டுக்குப் பின்னால், தகரக் கொட்டகையில் ஒரு பாய்மரப் படகு. இரண்டு பேர் உட்காரலாம். ஏற்காட்டு எஸ்டேட்காரர் ஒருவர் ஊரைக் காலி செய்யும்போது இவர் தலையில் கட்டிவிட்டுப் போனது.

முன்பெல்லாம் அதை வேனில் ஏற்றி ஜேடர்பாளையம் கொண்டுபோவார். காவிரித் தடுப்பணைத் தண்ணீரில் படகின் பாயை விரிப்பார். குளிக்கவும் மீன் வறுவல் தின்னவும் வந்த கூட்டம் கரையில் நின்று சிரிக்கும். அப்புறம் வருஷக்கணக்கில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது.

போன மாதம் திடீரென்று தார்ப்பாயை விலக்கினார். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பெயின்ட் கடை குமாரசாமி திருச்செங்கோட்டுக்காரர். கதவுக்கும் கட்டிலுக்கும் வார்னிஷ் விற்றே வயதானவர். படகு என்றதும் அவருக்கு முகமெல்லாம் பல். பி.யூ. பாலிஷ் அடித்தால் கண்ணாடி மாதிரி மின்னுமாம், ஆனால் மரம் தண்ணீரில் ஊறி வெயிலில் சுருங்கும்போது வெடித்து உரியுமாம். படகுக்கென்றே வருகிற மெரைன் வார்னிஷ்தான் மரத்தோடு சேர்ந்து வளைந்து கொடுக்குமாம். ஏதோ நடுக்கடலில் பிறந்து வளர்ந்தவர் மாதிரி சொல்லிக்கொண்டே போனார். பெரிய மாலுமி, என்று நினைத்துக்கொண்டாள் இன்னாசிமேரி.

மெரைன் வார்னிஷ் இரண்டுதான் இருந்தது. ஒன்று நிறமே இல்லாத கிளியர். இன்னொன்று வால்நட்.

அவள் கிளியரைக் காட்டினாள்.

குமாரசாமி தலையைச் சொறிந்தார். "அம்மா, கிளியர் அடிச்சா உள்ள இருக்கற கீறல், தழும்பு அத்தனையும் எடுத்துக் காட்டிருமுங்க. சாரு சொல்றதும் நாயந்தானுங்க."

ஆண்ட்ரூஸ் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பழைய மரம், ஏகப்பட்ட கீறல், டார்க் அடித்தால் எல்லாம் மறைந்துவிடும் என்றார். மறைந்துவிடும் என்று சொல்லும்போது அவர் அவளைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த ஃபேன் ரெகுலேட்டரைப் பார்த்தார்.

ஒரு பொய்யை உருப்படியாகச் சொல்லத் துப்பில்லை. இந்த மனுஷனோடுதான் இத்தனை காலம்.

கிளியரையே போடச் சொன்னாள். குமாரசாமி டப்பாவோடு முரட்டு உப்புத்தாளையும் சேர்த்து வைத்தார். அதை ஒதுக்கிவிட்டு, இருப்பதிலேயே நைசான தாளைக் கேட்டு வாங்கி, துணி பார்ப்பது போல விரல் நுனியில் தேய்த்துப் பார்த்தாள்.

பிறகு கணவரிடம் திரும்பினாள்.

"படகோட பின்பலகையில மட்டும் நீங்க கை வெக்காதீங்க. நீங்க தேய்க்கிற தேய்ப்புக்குப் பேரு அழிஞ்சு போயிரும். அதை நான் பாத்துக்கறேன்."

ஆண்ட்ரூஸ் ஃபேன் ரெகுலேட்டரை விட்டுவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தார்.

அந்தப் பலகையில் பள்ளிக்கூட காம்பஸ் முனையால், கோணல்மாணலாக, ஆழமாகக் கீறிய எழுத்து. ஜாக்குலின். அவர்களுடைய ஒரே மகள்.

கெங்கவல்லிப் பையனோடு ரிஜிஸ்டர் ஆபீஸில் வெறும் சுடிதாரில் போய் நின்றவள். அன்றைக்கே, அந்தப் பேர் இனி என் வீட்டில் கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள் இன்னாசிமேரி. ஆண்ட்ரூஸும் அதற்குப் பிறகு சொன்னதில்லை.

அதற்குப் பதிலாக அவருக்குக் கெங்கவல்லியில் ஒரு சிநேகிதர் முளைத்தார். படுத்த படுக்கையாம். மாதம் ஒருமுறை பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். அந்தச் சிநேகிதர் இதுவரை சாகவும் இல்லை, தேறவும் இல்லை. அவரைப் பார்த்துவிட்டு வருகிற நாளெல்லாம் ஆண்ட்ரூஸின் சட்டைப் பையில் சின்னப் பல் பதிந்த பாதி பிஸ்கட் கிடக்கும். துவைக்கிறவள் இன்னாசிமேரிதானே.

டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஆண்ட்ரூஸ் அவள் பின்னாலேயே படியிறங்கினார். ஸ்கூட்டர் அருகே போனதும் அவள் கைப்பையைத் திறந்து, இஞ்ச் டேப்பை எடுத்து, அவர் சட்டைப் பையில் திணித்தாள்.

"அடுத்த தடவை உங்க சீக்காளிச் சிநேகிதரைப் பாக்கப் போறப்ப, குழந்தையோட மார்பளவு எடுத்துட்டு வாங்க. லைஃப் ஜாக்கெட் தொளதொளன்னு இருக்கக் கூடாது. அதையாவது ஒழுங்கா அளக்கத் தெரியுமா?"