பத்து மீட்டர் ஆழம்

“அடுத்தவன் வலையைத் தொட்டவளுக்கு இந்த விரிகுடாவுல என்ன வேலை?”

மீன் வளர்ப்போர் சங்கத் தலைவர் ஹியோதோ மேசையில் அறைந்த அறையில், பார்லித் தேநீர்க் கோப்பைகள் அதிர்ந்தன.

முந்தின நாள் காலை அவர் ஒரு கட்டளை இட்டிருந்தார். பக்கத்து விரிகுடாவில் மீனைக் கொல்லும் நச்சுப்பாசி பெருகிவிட்டது. ஆகவே, ஒவ்வொருவரும் தம் மீன் கூண்டுகளைப் பத்து மீட்டர் ஆழத்துக்கு இறக்கிவிட வேண்டும். பாசி மேலே போகும். மீன் கீழே பிழைக்கும். எல்லாரும் இறக்கினார்கள்.

விடிந்து பார்த்தால், தலைவருடைய ஆறு கூண்டுகளும் நீர்மட்டத்தில் நின்றன.

தூக்கியவள் நமியே என்ற பெண். அவர் கூண்டுகளுக்கு அடுத்து, தனியாளாக நான்கு கூண்டுகளில் புரி மீன் வளர்ப்பவள். அவள் மறுக்கவும் இல்லை.

“ஆமா, நான்தான் தூக்கினேன்.”

“கேட்டீங்களா திமிரை? கென்சாகு, தீர்மானத்தைப் படி!”

செயலாளர் கென்சாகு படித்தான். நமியேயின் வளர்ப்பு உரிமையைச் சங்கம் பறிக்கிறது. உறுப்பினர்கள் தத்தம் பெயர் முத்திரையைக் குத்தினால் போதும்.

“போன கூட்டத்துல தலைவரை எதிர்த்துப் பேசினாளே, அந்தக் காட்டம்” என்றபடி ஒருவர் முத்திரையைச் சிவப்பு மையில் ஒற்றினார்.

“காட்டம் இருந்தா வாயால பேசணும். கூண்டு தூக்குற விஞ்ச் வச்சா பேசுவாங்க?” என்றார் இன்னொருவர். சிரிப்பு எழுந்தது.

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, அக்கா” என்றான் கென்சாகு.

நமியே எழுந்துவிட்டாள்.

“கேட்கலையா? சாயங்காலம் அஞ்சு மணிக்கு உனக்குத்தானேடா போன் பண்ணினேன்! ‘தலைவர் மத்சுயாமா டவுன்ல பாசித் தடுப்புக் கூட்டத்துல இருக்கார், போனை அணைச்சு வச்சிருக்கார், அவர் வர்ற வரைக்கும் யாரும் எதையும் தொடக்கூடாது’ன்னு சொன்னது யாரு?”

கென்சாகு கையிலிருந்த தாளையே மறுபடி படிக்கத் தொடங்கினான்.

“தொடாதேன்னு சொல்லியும் தொட்டிருக்கே!” ஹியோதோ பாய்ந்தார். “பாசி வெயில் தேடி மேலதான் வரும்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும். என் மீனைக் கொண்டுபோய் அதோட வாயில ஊட்டியிருக்கா!”

“நேத்துப் பகல் முழுக்க வெயில்தானே? மேல்தண்ணியில பாசி இருந்துச்சா?”

“இல்ல.”

“ஏன் இல்லைன்னு யோசிச்சீங்களா? பதினெட்டு நாளா மழை இல்ல, ஆத்துத் தண்ணியோட வர்ற சத்தும் இல்ல. மேல அதுக்குத் தின்ன ஒண்ணும் இல்ல. வழக்கமா பகல்ல வெயிலுக்கு மேல வரும், பொழுது சாய்ஞ்சா இரைக்குக் கீழ போகும். இப்ப பசி முத்திப்போய், பகல்லயும் கீழயே கிடக்கு. நேத்துப் பகல்லயே முகத்துவாரத்துல பத்து மீட்டர்ல தண்ணி மொண்டு பார்த்தேன். காப்பி நிறம்!”

“நீ என்ன ஆராய்ச்சியாளரா? அடுத்த முத்திரை!”

ஏழாவது முத்திரை விழுந்தபோது, சங்கத்தில் நுண்ணோக்கி பார்க்கும் கயோ கையில் சீட்டுடன் ஓடி வந்தாள்.

“தலைவரே, காலையில உங்க கூண்டுக்கிட்ட எடுத்த தண்ணி. மேல மில்லிக்கு நாலு பாசி. பத்து மீட்டர்ல ரெண்டாயிரத்து எண்ணூறு. உள்பக்கத்துல இருக்கிற மத்தவங்க கூண்டுக்கு இன்னும் வரல. எல்லாரும் உடனே கூண்டைத் தூக்குங்க!”



“அப்ப… என் மீனு?” ஹியோதோவின் குரல் இறங்கியது.

“நீந்திக்கிட்டு இருக்கு.”

நாற்காலிகள் நகர்ந்தன. ஆறேழு பேர் படகுத்துறைக்கு ஓடினார்கள். ஹியோதோ தொண்டையைச் செருமிக்கொண்டு, தலைவருக்குரிய குரலை மீட்டெடுத்தார்.

“சரிம்மா, நல்லதுதான் செஞ்சிருக்கே. இருந்தாலும் முறைன்னு ஒண்ணு இருக்கு. உன் வலையை மட்டும் தூக்கிக்கிட்டு, நான் வர்ற வரைக்கும் பொறுத்திருக்கலாம். அனுமதி இல்லாம தொட்டதுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடு; தீர்மானத்தைக் கிழிச்சுடறேன்.”

கென்சாகு வெள்ளைத்தாளையும் பேனாவையும் அவள் முன்னால் நகர்த்தினான்.

நமியே அவற்றைத் தொடவில்லை.

“எழுத நேரமில்ல, தலைவரே. பாசி முதல்ல வந்தது உங்க பக்கம். உங்க ஆறையும் தூக்கிட்டு வர்றதுக்குள்ள என் நாலு கூண்டு மீனும் செத்துப்போச்சு. போய் அள்ளணும், வழியை விடுங்க.”