எருமை ஓட்டிய பஸ்

“அது ரிப்பேருங்க. வந்த மாசமே போயிடுச்சி” என்று சொல்லிக்கொண்டே, தலைமையாசிரியர் தனிஸ்லாஸ் கம்ப்யூட்டர் மேல் கறுப்புத் துணியை இழுத்து மூடினார். கேட்டவர் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்து ஆள். உச்சுக் கொட்டிவிட்டுப் போய்விட்டார்.

பக்கத்தில் நின்ற ஞானசுந்தரி டீச்சருக்கு முகம் சுட்டது. சற்று முன்புதான் அவளுடைய மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அதில் படம் போட்டிருந்தார்கள். பெட்டியின் சூடு கூட இன்னும் ஆறவில்லை.

வில்லியனூருக்கு மேற்கே, பஸ் நிற்காத ஓர் ஊரின் அரசு தொடக்கப்பள்ளி அது. பிரான்சில் வேலை பார்க்கும் உள்ளூர்க்காரர் ஒருவர், எண்பத்தேழில் லீவுக்கு வந்தபோது அந்தக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து கொடுத்தார். டிவி மாதிரித் திரை, ஒயர் வைத்த ஒரு பேனா. பேனாவைத் திரையில் வைத்து இழுத்தால் கோடு விழும். பட்டனைத் தட்டினால் அழிந்துவிடும்.

அப்படி அழிவதில்தான் எல்லாம் இருந்தது. அதுவரை போர்டில் மாங்காய் போட்டால் மாங்காய், கொடி போட்டால் கொடி என்று பார்த்துப் போட்ட பிள்ளைகள். தாள் வீணானால் வீட்டில் அடி விழும். இங்கே தப்பாகப் போட்டாலும் யாருக்கும் தெரியாது. பயம் விட்டுப்போனதும் கை தானாக ஓடியது. பெட்டிக்கடை அமீர் ஹம்சாவின் மகள் பரிதா, கடலுக்கு ஆரஞ்சு வண்ணம் அடித்தாள். வாயே திறக்காத அய்யனார், அவள் போட்ட படத்துக்கெல்லாம் கதை சொன்னான்.

இத்தனைக்கும் அந்த அறையின் சாவியைத் தினமும் ஞானசுந்தரியிடம் கொடுப்பவரே தனிஸ்லாஸ்தான். “கதவச் சாத்திக்கினு நடத்தும்மா” என்பார். வெளியாள் தலை தெரிந்தால் மட்டும் ரிப்பேர்.

“இதுகூடப் புரியலியா?” என்றார் நான்காம் வகுப்பு வாத்தியார் சிங்காரவேலு. “சாரு அடுத்த மாசம் ரிட்டயர் ஆவறாரு. ரிப்பேர்னு சொல்லி வெச்சா, போவும்போது வூட்டுக்கு எடுத்துக்கினு போயிடலாம். சும்மா கெடந்தா கெட்டுப் போவும்னுதான் உங்களாண்ட சாவி.”

அவளுக்கு நம்பப் பிடிக்கவில்லை. ஆனால் அறை மூலையில் கிடந்த காலி ஆர்மோனியப் பெட்டி ஞாபகத்துக்கு வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், “ஆர்மோனியம் எங்க சார்?” என்று தனிஸ்லாஸிடம் கேட்டிருக்கிறாள். “ரொம்ப நல்லாப் பாடிச்சிம்மா” என்றாரே தவிர, எங்கே போயிற்று என்று சொல்லவில்லை.

அந்த வாரமே டவுனில் ஆசிரியர்கள் கூட்டம். மேலதிகாரி தேநீர் குடித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, ஞானசுந்தரி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். “ஒரு தடவ வந்து பாருங்க சார்” என்றாள். தனிஸ்லாஸைப் பற்றி மட்டும் குறை சொல்லவில்லை.

வியாழக்கிழமை மேலதிகாரியின் ஜீப் வந்து நின்றது. தனிஸ்லாஸ் வேகமாக அந்த அறைக்குப் போனார். அவர் துணியை எடுத்து மூடுவதற்குள் ஞானசுந்தரி குறுக்கே வந்து நின்றாள்.

“ரிப்பேர் இல்ல சார். ஓடுது. புள்ளைங்க காட்டுவாங்க” என்றாள், உள்ளே வந்த அதிகாரியிடம்.

தனிஸ்லாஸ் அவளை ஒரு முறை பார்த்தார். பிறகு ஒதுங்கிப் போய்ச் சுவரோரம் நின்றுகொண்டார்.

பரிதா பேனாவை எடுத்தாள். ஒரு பஸ் வந்தது. ஜன்னல் வந்தது, ஜன்னலுக்கொரு தலை வந்தது. டிரைவர் சீட்டில் கொம்பு வைத்த எருமை ஒன்று உட்கார்ந்தது. அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார்.

“எருமை ஏன்டா பஸ் ஓட்டுது?”

அய்யனார் முன்னால் வந்தான். “பஸ்சு எங்கூர்ல நிக்காது சார். டிரைவருக்கு இப்படி ஒரு ஊரு இருக்கறதே தெரியாது. எருமைக்குத் தெரியும். அது நிறுத்திடும்.”

அதிகாரி அவன் தோளைத் தட்டினார். “இருவது வருசமா ஸ்கூல் பாத்துக்கினு இருக்கேன். இப்படி ஒரு கிளாஸ் பாத்ததில்ல டீச்சர்.” ஞானசுந்தரிக்குக் கண் நிறைந்துவிட்டது. சுவரோரம் நின்றவர் பக்கம் வேண்டுமென்றே திரும்பிப் பார்த்தாள். அவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி வாசலுக்குப் போய் டிரைவரைக் கூப்பிட்டார். “ஒயரெல்லாம் பாத்துக் கழட்டுப்பா. பின் சீட்ல படுக்க வெச்சிக் கொண்டாரணும்.”

“எங்க சார்?” என்றாள் ஞானசுந்தரி.

“டவுன் ஸ்கூலுக்குத்தான். இவ்ளோ அருமையான சாமான் இங்க யாரு கண்ணுல படப்போவுது? அங்க வெச்சா டெல்லிலேர்ந்து வர்றவங்க பாப்பாங்க. உங்க பேரயும் சொல்றேன் டீச்சர்.”

“சார், இது இந்தப் புள்ளைங்களுக்குன்னு குடுத்தது சார்.”

“எல்லாம் கவர்மென்ட் புள்ளைங்கதானே” என்று சொல்லி அவர் ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

பரிதா பேனாவை விடாமல் பிடித்திருந்தாள். டிரைவர் அவள் விரல்களை மெதுவாகப் பிரித்து வாங்கிக்கொண்டு போனார். ஜீப் திரும்பும்வரை பிள்ளைகள் வாசலில் நின்றார்கள். யாரும் அழவில்லை. அய்யனார் மட்டும் பழையபடி வாயை மூடிக்கொண்டான்.

அறையில் மேசை காலியாக இருந்தது. தனிஸ்லாஸ் கறுப்புத் துணியை உதறி மடித்துக்கொண்டிருந்தார்.

“நீங்க வூட்டுக்கு எடுத்துட்டுப் போறதுக்குத்தான் அப்படிச் சொல்றீங்கன்னு நெனச்சேன் சார்” என்றாள் ஞானசுந்தரி, அவர் முகத்தைப் பார்க்காமல்.

அவர் கோபப்படவில்லை.

“நல்லா ஓடுதுன்னு தெரிஞ்சா, நம்மகிட்ட வுட்டு வெக்க மாட்டாங்கம்மா.”