பெரிய சைஸ் கழுத்துப்பட்டை

வாடிப்பட்டியில் காளைகளுக்குச் சலங்கையும் கழுத்துப்பட்டையும் விற்கும் வெள்ளைத்துரையின் இணையதளத்துக்குக் கூட்டம் வந்தது. யாரும் வாங்காமல் பாதியிலேயே போனார்கள். எங்கே சிக்குகிறதென்று பார்க்க, தளத்தைக் கவனிக்கும் மீனா ஒரு சோதனை ஆர்டர் போட்டாள். பெயரும் முகவரியும் கேட்டதற்கு, போன தை மாதம் மாலை மரியாதையோடு புதைத்த தன் காளையின் பெயரையும் புதைத்த இடத்தையும் சொன்னார் வெள்ளைத்துரை.

"வீரணன்னு போடு தாயி. கம்மாய்க்கரை, வேப்பமரத்தடி. அவன் போட்டிருந்த பெரிய சைஸே இருக்கட்டும்."

சைஸ் தேர்வு செய்யும் பக்கம்தான் திறக்க நேரமெடுத்தது. மீனா அதைச் சரிசெய்ததும் விற்பனை ஏறியது. சோதனை ஆர்டரை ரத்து செய்ய மட்டும் மறந்துபோனாள். பார்சல் கட்டுகிறவர்கள் அதையும் அனுப்பிவிட்டார்கள். டெலிவரி ஆகிவிட்டதாகத் தளம் காட்டியது.

அடுத்த வாரம் பட்டை ரிட்டர்ன் வந்தது. காரணம்: 'சைஸ் பத்தவில்லை.' மீனா பிரித்துப் பார்த்தாள். கடைசித் துளை இழுபட்டுக் கிழிந்திருந்தது. உள்பக்கத் தோலில் வேர்வை ஈரம் இன்னும் காயவில்லை.

வெள்ளைத்துரை அதை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"வளந்துட்டான் தாயி," என்றார். "இதவிடப் பெருசா ஒண்ணு தைக்கச் சொல்றேன். சைட்ல ஏத்திரு."