கடைசி வெட்டு

இரும்புக் கவசத் தளபதிக்கு இன்னும் ஒரே ஓர் உயிர்தான் பாக்கி.

முறை அலெக்சாண்டருடையது. இருபது முகப் பகடை அவர் உள்ளங்கையில் இருந்தது. நான்கோ அதற்கு மேலோ விழுந்தால் போதும், தளபதி காலி. கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் விழுந்துவிடும்.

ஈசூனில் லாசரஸ் வீட்டுக் கூடத்தில் எட்டு மாதமாகச் சனிக்கிழமை மதியங்களில் ஆளுக்கொரு வீரனை வைத்து நடக்கிற பகடை ஆட்டம் இது. கோட்டை, பாலம், படைகள், சட்டதிட்டம் எல்லாம் பள்ளிக்கூட வாத்தியாரான லாசரஸ் சொந்தமாக எழுதியவை. அதில் பொல்லாத சட்டம் ஒன்று உண்டு. எதிரியைச் சாய்க்கிற கடைசி வெட்டு யாருடையதோ அவருக்குத்தான் ஆயுதத் திறன் ஒரு புள்ளி ஏறும். அதுவரை அடித்தவர்களுக்கும் அடி வாங்கியவர்களுக்கும் ஒன்றும் கிடையாது.

இந்தச் சூட்சுமத்தை முதல் வாரமே பிடித்துக்கொண்டவர் அலெக்சாண்டர். அவருடைய குதிரை வீரன் எப்போதும் இரண்டடி பின்னால் நிற்பான். மற்றவர்கள் மல்லுக்கட்டி எதிரியை நார் நாராக்கி வைத்ததும் அலுங்காமல் முன்னால் வந்து ஒரு போடு போடுவான். இப்படியே அவன் வாள் திறன் பதினேழுக்கு ஏறிவிட்டது. திறன் ஏற ஏறப் பகடையும் சுலபமாகிக்கொண்டே போகும்.

தனசேகரனின் கோடரிக்காரனுக்குத் திறன் நான்கு. எட்டு மாதமாக அதே நான்கு.

ஐந்து ஆனால் அவனுக்கு வீரப்பட்டம் கிடைக்கும். அடுத்த சனிக்கிழமை கோட்டை முற்றுகை. பட்டம் இல்லாதவர்கள் அதில் விளையாட முடியாது, ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். முற்றுகைக்காகவே தனசேகரன் இத்தனை நாள் காத்திருந்தான்.

இன்றைக்கும் பாலத்து வாசலில் ஆறு சுற்று தளபதியோடு மோதியது அந்தக் கோடரிக்காரன்தான். அவனுக்கு மிஞ்சியது இரண்டு உயிர்.

"அடிங்கண்ணே," என்றான் தனசேகரன். "ஒரு வெட்டுதானே. பாயிண்ட் உங்களுக்குத்தான் லா."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னான். மழை பெய்தால் தரை நனையும் என்பதுபோல அவனுக்கு அது பழகிப்போயிருந்தது.

மேசை நடுவே கறிபஃப் தட்டு இருந்தது. அலெக்சாண்டருக்கு நேற்றுத்தான் சீனியர் டிராஃப்ட்ஸ்மேனாகப் பதவி உயர்வு கிடைத்திருந்தது. அதே ஆபீசில் பக்கத்து மேசையில் வரைபடம் போடும் தனசேகரன், அதற்காக ஜாலான் புசாரில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு டஜன் வாங்கி வந்திருந்தான். "ஒரே டிராயிங்தான், பாஸ் அசந்துட்டாராம்," என்று வந்ததும் வராததுமாக எல்லாரிடமும் சொல்லிவிட்டான். அலெக்சாண்டர் ஒன்றை எடுத்து ஒரு கடி கடித்தவர், மீதியைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டார்.

வெட்கமாக இருந்தது. நாற்பத்திரண்டு வயது மனிதர், கையில் ஒரு பகடையை வைத்துக்கொண்டு எதிரே இருப்பவன் முகத்தைப் பார்க்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே, பகடைய முழுங்கிட்டீங்களா?" என்று கேட்டாள் லாசரஸின் தங்கை உர்சுலா.

அலெக்சாண்டர் பகடையைத் தனசேகரன் முன்னால் வைத்தார்.

"என் முறைய தனாவுக்குக் குடுக்கறேன்."

லாசரஸ் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவரைப் பார்த்தார். முறையை விட்டுக்கொடுக்கச் சட்டத்தில் இடம் இருந்தது. எட்டு மாதத்தில் யாரும் கொடுத்ததில்லை, அவ்வளவுதான்.

தனசேகரனின் திறனுக்குக் குறைந்தது பதினைந்து விழவேண்டும். தவறினால் தளபதியின் திருப்பியடியில் மிச்ச இரண்டு உயிரும் போய்க் கோடரிக்காரன் செத்துப்போவான். அவன் பகடையை இரண்டு கையிலும் பொத்திக் குலுக்கிப் போட்டான். அது கறிபஃப் தட்டில் மோதித் திரும்பி, கொஞ்சம் யோசித்துவிட்டு நின்றது.

பதினாறு.

உர்சுலா மேசையைத் தட்டினாள். தனசேகரன் எழுந்தே நின்றுவிட்டான். அவன் கண் கலங்கியிருந்தது. "அண்ணனுக்குப் பெரிய மனசு," என்றான். லாசரஸும் ஆமாம் என்று தலையாட்டினார்.

அதற்குப் பதில் நாலு பேர் முன்னால் கன்னத்தில் ஓர் அறை வாங்கியிருந்தால் அலெக்சாண்டருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

திறன் ஏறினால் அதைத் தாளில் எழுதி, ஆடுகிறவர்களில் இன்னொருவரிடம் கையெழுத்து வாங்கவேண்டும். தனசேகரன் எழுதினான். கோடரி, ஐந்து. தேதி 7-4-84. அச்சடித்ததுபோன்ற எழுத்து. ஏழின் இடுப்பில் குறுக்கே ஒரு சின்னக் கோடு. ஆபீசில் வேறு யாரும் அப்படிப் போடுவதில்லை.

தாளையும் பேனாவையும் அவரிடம் நீட்டினான்.

"பேரைத் தெளிவாப் போடுங்கண்ணே."

போட்டார்.

தனசேகரனின் எழுத்துக்குக் கீழே அவர் கையெழுத்துப் போடுவது இந்த வாரத்தில் இது இரண்டாவது முறை. முதல் முறை திங்கட்கிழமை. தனசேகரன் மூன்று வாரம் உட்கார்ந்து முடித்து, மேலாளரிடம் கொடுத்துவிடச் சொல்லி இவர் மேசையில் வைத்துவிட்டு லீவில் போன கப்பல் குழாய் வரைபடம் அது. அதன் மூலையில் ஒரு கட்டம் காலியாக இருந்தது.

இந்தத் தாளின் கட்டத்தில் 'சாட்சி' என்று போட்டிருந்தது. அந்த வரைபடத்தின் கட்டத்தில் 'வரைந்தவர்' என்று போட்டிருந்தது.