ஊசி போட்ட மறுநாள்

தலை சுற்றியது. மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

எதிரே பெஞ்சுகளில் பதினோரு பெண்கள். முகக்கவசத்துக்கு மேலே வெறும் கண்கள். எல்லாக் கண்ணும் அவள் மேல்தான்.

நேற்று இதே துணை சுகாதார நிலையத்தில், இவர்கள் பார்க்க, அவள் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டாள். ஊர் நர்ஸ் போட்டுக்கொண்டால் ஊரும் போட்டுக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

விடியும்போது காய்ச்சல். நூற்றியொன்று. ஊசி போட்ட கையைத் தூக்க முடியவில்லை. ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு முகாமுக்கு வந்துவிட்டாள்.

காய்ச்சல் வரும். ஒருநாள் இருக்கும். போய்விடும். வீடு வீடாகப் போய் அவள் சொன்னது இதைத்தான்.

பிள்ளைக்குப் பால் கொடுக்கலாம். அதையும் சொல்லியிருக்கிறாள்.

பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு ஊசி வேண்டாம் என்று முதலில் ஒரு சுற்றறிக்கை வந்தது. போடலாம் என்று பிறகு ஒன்று வந்தது. சுவரில் இருந்த முதல் தாளைக் கிழிக்காமல் அதன் மேலேயே இரண்டாவதை ஒட்டினாள். பசை நிறையத் தடவித்தான் ஒட்டினாள்.

காலையில் பிள்ளை அழுதது. ஐந்து மாதம். மடியில் எடுத்து, ஜாக்கெட் கொக்கியில் கை வைத்தாள்.

கை அங்கேயே நின்றுவிட்டது.

கொடுக்கலாம்.

கொடுத்து, ஏதாவது ஆகிவிட்டால்?

ஒன்றும் ஆகாது. தெரியும்.

தெரிந்தும், பிள்ளையை மாமியாரிடம் கொடுத்தாள். பவுடர் பாலைக் கரைத்து வைத்தாள். திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டாள்.

இப்போது மணி பத்தரை. மார்பு கனத்து வலித்தது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

பெஞ்சிலிருந்து ஒருத்தியும் எழவில்லை.

ஒரு குப்பி மருந்து பத்துப் பேருக்கு. திறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். ஐஸ் பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

கடைசியில் முத்துப்பேச்சி எழுந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. அவள் மாசமாக இருந்த நாளெல்லாம் வயிற்றைத் தொட்டுப் பார்த்தது இந்த நர்ஸ்தான்.

"சிஸ்டர், ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"நேத்து ஊசி போட்டீயள்லா. இன்னைக்குப் பிள்ளைக்குப் பால் குடுத்தீயளா?"



ஆமாம் என்றால் போதும். ஒரே சொல். பதினோரு பேரும் கையை நீட்டிவிடுவார்கள்.

அந்தச் சொல் வாய் வரைக்கும் வந்தது.

"குடுக்கல," என்றாள்.

பின் பெஞ்சில் யாரோ 'பாத்தியா' என்றார்கள்.

"குடுக்கலாம். ஒண்ணும் செய்யாது. எனக்கு நல்லாத் தெரியும். காய்ச்சல் அடிச்சிச்சு, பயந்துட்டேன். ஏன்னு எனக்கே வெளங்கல."

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. தான் கூட்டிய முகாமைத் தானே கலைத்துவிட்டாள். அழுகை வரும்போல இருந்தது. வரவுமில்லை.

முத்துப்பேச்சி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சேலையெல்லாம் நனைஞ்சிருக்கு சிஸ்டர். பிள்ளை பசிச்சிக் கெடக்கும். மொதல்ல போய்க் குடுங்க."

கட்டடத்துக்குப் பின்னால்தான் அவள் குடியிருக்கும் வீடு. போனாள்.

மாமியார் பால் புகட்டும் பாலாடையோடு போராடிக்கொண்டிருந்தார். பிள்ளையின் கழுத்தெல்லாம் பால்.

"ஒரு சொட்டு எறங்கல. துப்பிக்கிட்டே இருக்கா."

தரையில் உட்கார்ந்தாள். மடியில் வாங்கினாள். கொக்கியில் மறுபடியும் கை நின்றது.

பிள்ளை காத்திருக்கவில்லை. முகத்தை மோதி மோதித் தேடியது.

கொடுத்தாள்.

சுடுகிற தோலில் குளிர்ந்த கன்னம். ஒவ்வொரு மடக்குக்கும் அவளுக்குப் பகீரென்றது. ஒவ்வொரு மடக்குக்கும் வலி குறைந்தது. தான் செய்வது சரியா, தப்பா என்று யாராவது சத்தமாகச் சொன்னால் தேவலாம் என்றிருந்தது. ஊரில் அதைச் சொல்லக்கூடியவள் அவள் ஒருத்திதான்.

நிமிர்ந்தபோது வாசலுக்கு வெளியே பெண்கள். தள்ளித் தள்ளி நின்றார்கள். பிள்ளையின் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்குக் காலைல வாரேன் சிஸ்டர்," என்றாள் முத்துப்பேச்சி. "பாப்பா எப்படி இருக்கான்னு பாத்துக்கிட்டு…"

கேட்டவளுக்குக் கோபம் வரவில்லை. அவளுக்கும் அதைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

அன்று ஒரு குப்பியும் திறக்கவில்லை.

பகல் முழுக்கப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். தன் கையே கொதித்ததில் ஒன்றும் தெரியவில்லை. மாமியாரைத் தொடச் சொன்னாள். அவர் சொன்னதை நம்பாமல் மறுபடியும் தொடச் சொன்னாள்.

மறுநாள் காலை அவளுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது.

ஏழு மணிக்கே முத்துப்பேச்சி வந்துவிட்டாள். ஒன்றும் கேட்காமல் கையை நீட்டி நர்ஸின் பிள்ளையை வாங்கினாள். நெற்றியைத் தொட்டாள். வயிற்றைத் தொட்டாள். உள்ளங்காலைத் தொட்டாள். பிள்ளை அவள் முகக்கவசத்தைப் பிடித்து இழுத்தது.

திருப்பிக் கொடுத்தாள்.

"எம்பிள்ளைய எடது இடுப்புலதான் தூக்குவேன் சிஸ்டர்," என்றாள். "வலது கையில போடுங்க."