இரண்டிலிருந்து நான்கு வரை

இரண்டு மணி ஆனதும் தெருக்கோடி வீட்டுத் தறி முதலில் நின்றது.

பிறகு எதிர்வீடு. பிறகு பக்கத்து வீடு. கடைசியாக மணவாளனின் எட்டுத் தறிகள்.

சமையலறைக் குழாய் சொட்டுவது கூடத்துக்குக் கேட்டது. கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த ஜெயம், சொன்ன சொல் தவறாத தெரு என்று நினைத்துக்கொண்டாள்.

புருஷன் மாணிக்கவேலை வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து நேற்றுக் காலையில்தான் அழைத்து வந்திருந்தாள். அதற்குள் எல்லா ஏற்பாட்டையும் முடித்துவிட்டாள். காலையும் மாலையும் வலிக்கு ஊசி போட, பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கிளினிக்கில் வேலை பார்க்கும் ராதிகா வருவாள். தலைப்பக்கம் தூக்கி வைக்கிற இரும்புக் கட்டில் வாடகைக்கு வந்துவிட்டது. முதுகு புண்ணாகாமல் இருக்கக் காற்றுமெத்தை. எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று ஒரு சேலைப் பெட்டியின் மூடியில் பெரிதாக எழுதி, படுத்தபடியே அவருக்கும் தெரிகிற மாதிரி ஆணியில் மாட்டியாயிற்று.

ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லியனுப்பியதில் ஒன்றுதான் பாக்கி இருந்தது. நன்றாகத் தூங்க வேண்டும், பக்கத்தில் சத்தம் கூடாது.

சுவருக்கு இரண்டு பக்கமும் பவர்லூம் ஓடுகிற வீட்டில்.

அதற்காகத்தான் நேற்றுச் சாயங்காலம் மணவாளனின் ஷெட்டில் போய் நின்றாள். தறி ஓடும்போது அங்கே பேசுவது காதில் விழாது. அவர் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கேட்டார். முழுக்கக் கேட்ட பிறகு, கையில் இருந்த எண்ணெய்த் துணியை மடித்து மடித்துச் சின்னதாக்கினார்.

"ரெண்டுல இருந்து நாலு. மத்த ஊட்டுக்கெல்லாம் நான் சொல்லிக்கிறேன். நீ போம்மா."

மாணிக்கவேல் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கண் மூடாதவர், வீட்டுக்கு வந்து படுத்ததும் தூங்கிவிட்டார். ஊசி வேலை செய்கிறது என்று ஜெயம் நம்பினாள்.

சத்தம் நின்று ஐந்து நிமிஷம் இருக்கும். அவர் கண்ணைத் திறந்தார்.

"எந்த ஊட்டுல?"

ஜெயத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தத் தெருவில் எல்லாத் தறியும் சேர்ந்தாற்போல் நிற்பது சாவுக்குத்தான். எடுக்கிற வரைக்கும் யாரும் ஸ்விட்சில் கை வைக்க மாட்டார்கள். இத்தனை வருஷம் இங்கேயே இருந்தவளுக்கு அது எப்படி மறந்து போயிற்று?

"கரண்டு இல்லீங்க."

அவர் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தார்.

"யாருக்கும் ஒண்ணும் இல்லீங்க," என்றாள் ஜெயம். "நீங்க தூங்கணும்னு நான்தான் நிறுத்தச் சொன்னேன். மணவாளண்ணன்தான் எல்லாருக்கும் சொல்லி வச்சாரு."

"மணவாளனா?" அவர் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்தது. "பெத்த அப்பனுக்குக் காரியம் பண்ண அன்னிக்கே, மதியானம் தறி ஓட்டினவன் அவன்."

"உங்க மேல அவ்ளோ பிரியம்."

"இருக்கும்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "எத்தினி நாளைக்குன்னு கேட்டிருப்பானே. இன்னா சொன்ன?"

ஜெயம் போர்வையை இழுத்து அவர் காலை மூடினாள். ஏற்கெனவே மூடியிருந்த கால்தான்.

"ஒரு மாசம்னு சொன்னேன்."

முப்பத்தைந்து வருஷம் தறி ஓட்டியவர் மாணிக்கவேல். மணவாளனின் எட்டுத் தறியிலும் என்ன ஓடுகிறது, எந்தச் சேலை எந்தத் தேதிக்குள் கடைக்குப் போயாக வேண்டும் என்பதெல்லாம் படுக்கையில் கிடந்தாலும் அவருக்குத் தெரியும்.

"ஆவணி முகூர்த்தத்த கையில வச்சிகினு, ஒரு மாசத்துக்கு எவனும் ஒத்துக்க மாட்டான் ஜெயம்."

குரலில் கோபம் இல்லை. நெய்த சேலையில் ஓர் இழை தவறியிருப்பதைக் காட்டுகிறவர் போலத்தான் சொன்னார்.

மணவாளனிடம் அவள் சொன்னது பத்து நாள். வேலூரில் டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்ன பத்து நாள்.

அவள் சேலைப் பெட்டி மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவள் கை மேல் தன் கையை வைத்து இரண்டு தட்டுத் தட்டினார்.

"ஓட்டச் சொல்லு. இப்டி கம்முனு இருந்தா எனக்குத் தூக்கம் வராது. அங்கயும் அதனாலதான் வரல."

ஜெயம் எழுந்தாள். செருப்பு மாட்டக்கூடத் தோன்றாமல், முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி வாசலுக்கு வந்தாள்.

தறி நின்றுவிட்டதால் தெருவே வெளியில் இருந்தது. வாசற்படிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் அவளைப் பார்த்ததும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். எதிர்வீட்டுக் காத்தாயி வாயைப் பொத்திக்கொண்டாள். மணவாளன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி தெருவைத் தாண்டி வேகமாக வந்தார்.

"இன்னும் இல்லண்ணா," என்றாள் ஜெயம். "தறிய ஓட்டச் சொல்றாரு."