பரிந்துரைச் சீட்டு

பூந்தமல்லி சாலைத் தனியார் மருத்துவமனையில், சேர்க்கை மேசை முன் முன்னாள் ஹவில்தார் பரந்தாமன் விறைப்பாக நிற்கிறார். ஒரு கையில் மனைவி தாட்சாயிணியின் செருப்புகள். மறு கையில், முன்னாள் படைவீரர் மருத்துவ மையத்தில் வரிசையில் நின்று வாங்கிவந்த பரிந்துரைச் சீட்டு. அவளைப் படுக்கையோடு தள்ளிக்கொண்டு போன கதவு இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. மேசையில் இருக்கும் பெண் சீட்டைப் பார்த்துவிட்டுத் தலை நிமிர்கிறாள். கணினியின் நீல வெளிச்சம் அவள் மூக்குக் கண்ணாடியில் நிற்கிறது. "எமர்ஜென்சிக்கு இது வேணாமே சார். நேரா இங்க வந்திருக்கலாம். அட்மிட் பண்ணிட்டு அப்ரூவல நாங்களே வாங்கிடுவோம்." அவர் கையிலிருக்கும் சீட்டைப் பார்க்கிறார். "சீட்டு இல்லாம சேத்துக்க மாட்டாங்கன்னு லைன்ல நின்னுகினு இருந்தேம்மா. வலிக்குது வலிக்குதுன்னா. கொஞ்சம் பொறுத்துக்கோன்னேன்." செருப்புகள் ஒன்றோடொன்று மெல்ல மோதிக்கொள்கின்றன. கதவு திறக்கிறது. கையுறை கழற்றாத டாக்டர் அவசரமாகக் கேட்கிறார்: "வலி எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?" இருபத்து நான்கு வருடம், எந்த அதிகாரி கேட்டாலும் நிமிடம் பிசகாமல் நேரம் சொன்னவர் பரந்தாமன். இப்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார். பிறகு, சீட்டின் மூலையில் அச்சாகியிருக்கும் நேரத்தின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி மறைத்துக்கொள்கிறார்.